டெல்மர் போட்ட அறுபத்திரண்டு

டெல்மர் ஸ்டுக்கி எதைப் பார்த்தாலும் தரம் போடுவார். சாவு வீட்டில் கொடுக்கும் ஹாம் சாண்ட்விச்சுக்குப் போடுவார், பாதிரியாரின் பிரசங்கத்துக்குப் போடுவார், பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் பனி அள்ளிய லட்சணத்துக்கும் போடுவார். கல்யாணத்தன்று லவோன் கேக்கை ஊட்டிவிட்டபோது, வாயில் வைத்துக் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அடுப்புல அவசரப்பட்டுட்டாங்க. பி" என்றாராம். கேக் செய்தது மாமியார். அந்த அம்மாள் சாகும்வரை டெல்மரிடம் நேராகப் பேசவில்லை, எதுவானாலும் லவோன் வழியாகத்தான் சொல்லியனுப்பினாள்.

அது அவருடைய தொழில் புத்தி. எங்கள் மன்ரோ ஊரில் முப்பத்தெட்டு வருஷம் சீஸ் தரம் பார்த்தவர் அவர். விஸ்கான்சின் மாநிலமே அதற்கு லைசென்ஸ் கொடுக்கும். குழாய் மாதிரி ஒரு கத்தியைச் சீஸ் கட்டிக்குள் குத்தித் திருகி உருவுவார். வந்ததை மூக்கடியில் பிடிப்பார், கட்டைவிரலால் நசுக்குவார், ஒரு துணுக்கை நாக்கில் வைத்துவிட்டுத் துப்புவார். பிறகு ஏ என்பார், பி என்பார், அல்லது தேறாது என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கட்டிக்குப் போய்விடுவார். சொந்தப் பெரியப்பா மகனுடைய தொழிற்சாலையிலேயே ஒரு நாள் நாற்பது கட்டிக்கு வரிசையாகத் தலையை ஆட்டியிருக்கிறார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து வாழ்த்து அட்டை வரவில்லை.

ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல், பழைய நாணயம் சேர்க்கும் எங்கள் சங்கத்தில் சேர்ந்தார். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர், டார்லா. பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். நாணயம் சேர்த்தது என் வீட்டுக்காரர்தான். அவர் போன பிறகு என்னை ஏன் செயலாளராக வைத்திருக்கிறார்கள் என்றால், இருபத்தாறு பேரில் என் கையெழுத்து ஒன்றுதான் படிக்கிற மாதிரி இருக்கும். காபியும் நான்தான் போடுகிறேன்.

நாணயத்துக்குத் தரம் ஒன்றிலிருந்து எழுபது வரை. புழக்கத்துக்கே போகாத காசுக்கு அறுபதில் ஆரம்பிக்கும். எழுபது என்றால் ஒரு பொட்டுக் குறைகூட இல்லாதது. சண்டை முழுக்க இந்த அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில்தான். காசை ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அங்கே மூன்று பேர் பார்த்து எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பசையால் மூடி, மேலே லேபிள் ஒட்டி அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் அனுப்புவது நெப்ராஸ்காவில் ஒரு கம்பெனிக்கு. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் நெப்ராஸ்காக்காரன் என்றுதான் சொல்வோம். லேபிள் வந்துவிட்டால் அப்புறம் யாரும் காசைப் பார்க்க மாட்டார்கள், லேபிளைத்தான் பார்ப்பார்கள்.

வருஷா வருஷம் அக்டோபர் முதல் சனிக்கிழமை மத்தியானம், தீயணைப்பு நிலைய மாடியில் எங்களுக்கு ஒரு போட்டி உண்டு. நெப்ராஸ்கா பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு காசுகளின் லேபிளைக் கறுப்பு டேப்பால் மறைத்து வைப்பேன். ஆளாளுக்கு லென்ஸோடு உட்கார்ந்து தரத்தை எழுத வேண்டும். லேபிளில் இருப்பதோடு யாருடைய எண்கள் நெருங்கி வருகின்றனவோ அவருக்கு வால்நட் மரப் பலகை ஒன்று, ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பலகை ஒன்பது வருஷமாக வெர்லின் வீட்டில் இருந்தது. வெர்லின் லவோனின் தம்பி, டிராக்டர் விற்பவன். எனக்கு அவனைப் பிடிக்காது. சங்கத்தின் குறிப்பேட்டில் இதை எழுத முடியாது, இங்கே எழுதலாம்.

வெர்லின் காசைப் பார்க்கவே மாட்டான். பெட்டியை ஒரு தடவை வெளிச்சத்தில் ஆட்டுவான், எழுதிவிடுவான். "நெப்ராஸ்காக்காரனுக்குப் பளபளன்னு இருந்தா அறுபத்தஞ்சு. மங்கலா இருந்தா அறுபத்துமூணு. இதுக்கு எதுக்கு லென்சு?" என்பான். அவன்தான் ஜெயிப்பான். டெல்மர் ஒவ்வொரு காசையும் ஐந்து நிமிஷம் பார்ப்பார், திருப்புவார், விளக்கடிக்குக் கொண்டுபோவார், அந்தக் காசு நிஜமாகவே என்ன தரமோ அதை எழுதுவார். அவர்தான் கடைசியில் வருவார்.

தோற்பதுகூடப் பெரிதில்லை. வெர்லின் அந்தப் பலகையை மாட்டியிருந்த இடம்தான் பெரிது. விருந்தாளிகளுக்கான கழிவறையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் சுவரில் மாட்டியிருந்தான். நவம்பர் மாத வான்கோழி விருந்து எப்போதும் வெர்லின் வீட்டில்தான். முதல் வருஷம் டெல்மர் தெரியாமல் உள்ளே போய்விட்டு, போன வேலை முடியாமலே வெளியே வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு விருந்திலும், பாதிச் சாப்பாட்டில் லவோன் அவரைக் காரில் ஏற்றிப் பதினான்கு நிமிஷம் ஓட்டித் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், காத்திருந்து, மறுபடி பதினான்கு நிமிஷம் ஓட்டிக் கொண்டுவந்து உட்கார வைப்பாள். குழம்பெல்லாம் ஆறிப்போயிருக்கும்.

"அத்தான், ஊர்ல போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தீங்களா?" என்று வெர்லின் கேட்பான். அவர்கள் வீட்டில் மாடு கிடையாது.

டெல்மருக்கு அந்தப் பலகை வேண்டும். எழுபத்துநான்கு வயசுக்காரர் ஒரு மரத்துண்டுக்காக ஏங்கினார் என்று எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏங்கினார். லவோன் சுலபமான வழி சொன்னாள். "அந்த நெப்ராஸ்காக்காரன் என்ன போடுவான்னு உனக்குத் தெரியாதா டெல்? அதை எழுதித் தொலையேன்."

"அவன் போடறது தப்பு."

"தப்புன்னு தெரிஞ்சே எழுது."

"அதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா?"

"தெரியும். சூடான வான்கோழி."

அவர் கேட்கவில்லை. நெப்ராஸ்காக்காரன் தப்பு என்று நிரூபித்துவிட்டால் போட்டியின் விதியையே மாற்ற வேண்டி வரும் என்பது அவர் கணக்கு. 1881ஆம் வருஷத்து வெள்ளி டாலர் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பக்கம் பெண் முகம், மறு பக்கம் கழுகு. பெண்ணின் கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், பழைய காலத்தில் பைக்குள் இன்னொரு காசு மோதிய கீறல் இருந்தது. டெல்மர் அதை ஒரு வாரம் பார்த்துவிட்டு அறுபத்திரண்டு என்று துண்டுச்சீட்டில் எழுதி, தேதி போட்டு, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு நெப்ராஸ்காவுக்கு அனுப்பினார்.

அறுபத்துநான்கு என்று வந்தது.

பெட்டியைத் துண்டில் சுற்றிப் பட்டறை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கி உடைத்தார். இதை எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வார்கள். பெட்டியை உடைத்து, காசை மறுபடி அனுப்பினால் இன்னும் ஒரு எண் கூடக் கிடைக்குமா என்று பார்ப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். குறைவான எண்ணுக்காக உடைத்தவர் இந்த உலகத்தில் டெல்மர் ஒருத்தராகத்தான் இருக்கும். அதே காசை மறுபடி அனுப்பினார். அறுபத்துமூன்று வந்தது. "இறங்கி வர்றான்," என்று ரொம்ப சந்தோஷமாக உடைத்து மூன்றாவது தடவை அனுப்பினார். இந்தத் தடவை தரமே போடாமல், காசை யாரோ தேய்த்துக் கழுவிக் கெடுத்திருக்கிறார்கள் என்று எழுதித் திருப்பிவிட்டார்கள்.

டெல்மர் அந்தக் காசைக் கழுவவில்லை. தன் காரையே கழுவாத மனுஷன்.

நெப்ராஸ்காவிலிருந்து வந்த மூன்று சீட்டையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். சங்கத் தலைவர் ஹெர்ஷல் பல் டாக்டர், யாரையும் நோகடிக்க மாட்டார். "மூணு சீட்டுமே ஒருவிதத்துல சரியா இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார்.

"உங்க கிட்ட ஒரு பல்லைக் காட்டறேன்," என்றார் டெல்மர். "திங்கக்கிழமை நல்ல பல்லுங்கறீங்க. செவ்வாக்கிழமை சொத்தைங்கறீங்க. புதன்கிழமை இது பல்லே இல்லைங்கறீங்க. நான் உங்ககிட்ட மறுபடி வாயத் திறப்பேனா?"

ஹெர்ஷல் காபி குடிக்கலாம் என்றார். விதி மாறவில்லை. டெல்மர் கம்பெனிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். தரம் என்பது ஒரு கருத்துதான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் போட்ட கூச்சலில் லவோன் ஜன்னலைச் சாத்தினாள். "கருத்தாமே. முப்பத்தெட்டு வருஷம் நான் ஊருக்குச் சொன்னது என்ன, கருத்தா? அவன் வயிறு கெட்டா கருத்து கெட்டுப்போச்சும்பானா?"

கோபத்தில் அந்தக் காசை இனிமேல் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறேன் என்று நிலவறைக்குப் போனார். அங்கே அவருக்கென்று ஒரு பழைய குளிர்பெட்டி உண்டு. அதற்குள் லிம்பர்கர் சீஸ் மட்டும்தான் இருக்கும். லிம்பர்கர் எங்கள் ஊர்ப் பெருமை. வேட்டைக்குப் போட்டு மூன்று நாள் கழற்றாத காலுறை மாதிரி வாசம் வரும். வெங்காயத்தோடு கறுப்பு ரொட்டியில் வைத்து டெல்மர் தினமும் சாப்பிடுவார். லவோன் அதைச் சமையலறைக்குள் விடமாட்டாள். காசை அங்கிருந்த பெரிய லிம்பர்கர் டப்பாவுக்குள், சீஸ் சுற்றிய தாள்களுக்கு நடுவில் போட்டு மூடிவிட்டு மேலே வந்துவிட்டார். குளிர்காலம் முழுக்க அது அங்கேயே கிடந்தது.

மே மாதம் டப்பாவின் அடிக்கு வந்தபோது காசு கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் வெள்ளி முழுக்க நிறம் மாறியிருந்தது. ஓரத்தில் நீலம், உள்ளே ஊதா, நடுவில் பொன். அழுகும் சீஸிலிருந்து கிளம்பும் கந்தகம் வெள்ளியில் ஏறினால் அப்படித்தான் ஆகும் என்று டெல்மருக்குத் தெரியும். அவருக்கு அது அழுக்கு. "இப்ப பாக்கறேன்," என்று எனக்கு ஃபோன் போட்டார். "தேய்க்காததைத் தேய்ச்சதுன்னான் இல்ல. நாறிப்போனதுக்கு என்ன சொல்றான்னு பாக்கறேன்." காசைக் காற்றாட வைத்து நாலாவது தடவை அனுப்பினார்.

அறுபத்தேழு வந்தது. கீழே, இயற்கையான நிறம், அபூர்வ அழகு என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டிருந்தார்கள்.

டெல்மர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. லிம்பர்கரைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் லவோன் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "நீ சொன்னதுதான் சரி," என்றாளாம். "எனக்குத் தெரியும், டார்லாவுக்குத் தெரியும், உனக்கும் தெரிஞ்சுபோச்சு. போதும். எனக்கு எழுபத்திரண்டு வயசாகுது. சூடா ஒரு தடவை வான்கோழி சாப்பிட்டுட்டுச் செத்துப்போறேன். இந்த வருஷம் அவன் என்ன போடுவானோ அதை எழுது." டெல்மர் சரி என்றார்.

இதோடு விட்டிருக்கலாம். லவோன் விடவில்லை. போட்டிக்கு முந்தின வாரம் என் வீட்டுக்கு வந்து அந்த அறுபத்தேழுப் பெட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "பன்னெண்டுல இதையும் சேத்துடு டார்லா. அவரு மனசு மாறி மத்ததுல சொதப்பினாலும் இது ஒண்ணாவது கையில இருக்கும். லேபிள்ல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியுமே."

"இது மோசடி லவோன்."

"ஒம்பது வருஷமா ஒண்ணுக்குப் போக என்னைக் கார் ஓட்ட வச்சது என்ன?"

சொந்தக் காசு போட்டியில் வரக்கூடாது என்று விதியும் இல்லை, யாருக்கும் அப்படித் தோன்றியதே இல்லை. டேப் ஒட்டிப் பன்னிரண்டாவதாக வைத்தேன். எனக்கும் வெர்லின் தோற்க வேண்டும் என்று இருந்தது. வேறு நியாயம் எதுவும் நான் சொல்லப் போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை டெல்மர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். லவோன் பின்னால் பின்னல் ஊசியோடு உட்கார்ந்தாள். முதல் காசை டெல்மர் எப்போதும் போல ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். எனக்கு அவர் தாள் தெரிந்தது. நெப்ராஸ்கா எண் அப்படியே. இரண்டாவதும் அப்படியே. இந்த மனுஷன் இத்தனை வருஷம் அவர்களுடைய ஒவ்வொரு தப்பையும் படித்திருந்ததால், எந்தக் காசுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், எதற்கு இறக்குவார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. பதினொரு காசு, பதினொன்றும் அச்சடித்த மாதிரி சரி. நெற்றியில் வேர்வை. அக்டோபர் மாதம், அறையில் ஹீட்டர்கூடப் போடவில்லை.

பன்னிரண்டாவதை எடுத்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நீலம், ஊதா, பொன், கன்னத்தில் கீறல். தலையைத் திருப்பி லவோனைப் பார்த்தார். அவள் பின்னலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, பார்க்காமலே ஏதோ எழுதித் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

மற்றவர்களுடையதை எல்லாம் திருத்திவிட்டு அவருடையதைக் கடைசியாக எடுத்தேன். வெர்லின் பன்னிரண்டையும் சேர்த்து நாலு எண்தான் தள்ளிப் போயிருந்தான். டெல்மர் பதினொன்றில் ஒரு எண்கூடத் தள்ளவில்லை. பன்னிரண்டாவதுக்கு நேராக அறுபத்திரண்டு என்று இருந்தது.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கையில் பென்சில் இருந்தது. அந்த இரண்டின் அடிக்கோடு லேசாகத்தான் இருந்தது, அழித்தால் ஏழு ஆகிவிடும். ஹெர்ஷல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழிக்கவில்லை, ஆனால் அவருக்கு ஒரு வழி விட்டேன். "டெல்மர்," என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. "உங்க கையெழுத்து எனக்குப் புரியல. கடைசிக் காசுக்கு இது ஏழா, ரெண்டா?"

பின்னல் ஊசிச் சத்தம் நின்றது.

"ரெண்டு," என்றார் டெல்மர்.

லவோன் கண்ணை மூடிக்கொண்டாள். நான் டேப்பைப் பிரித்து லேபிளைப் படித்தேன். வெர்லின் ஜெயித்தான், ஒரே ஒரு எண் வித்தியாசத்தில். ஹெர்ஷல் பலகையைக் கொடுத்தார், நாலு பேர் கை தட்டினார்கள். வெர்லின் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டெல்மர் மேஜைக்கு வந்தான்.

"என்ன அத்தான், பதினொண்ணு அடிச்சிட்டு கடைசியில கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"அது என் காசு," என்றார் டெல்மர்.

"அப்ப லேபிள் உங்களுக்கு முன்னாடியே தெரியுமே."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அறுபத்தேழுன்னு எழுதல?"

"அது அறுபத்திரண்டு மச்சான்."

"மத்ததுல எல்லாம் அவன் போட்டதைத்தானே எழுதினீங்க?"

"மத்தது அடுத்தவங்க காசு. அவங்க சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும். இதை நான் பாத்துத் தரம் போட்டிருக்கேன்." பெட்டியைக் காட்டி, "அந்தக் கலரு லிம்பர்கர்ல வந்தது," என்றார்.

ஹெர்ஷல் மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். நான்கு சீட்டுகளையும் டெல்மர் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பினார். நாலும் ஒரே காசுக்கு வந்தவை. முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு, பெட்டியை வாங்கி, டெல்மருடைய லென்ஸைக் கேட்டு வாங்கிக் கண்ணில் வைத்தான். அவன் ஒரு காசை லென்ஸ் வைத்துப் பார்த்து நான் பார்த்ததில்லை. எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை, டெல்மர்தான் கையைத் திருப்பிவிட்டார்.

"கன்னத்துல ஒரு கோடு இருக்கு," என்றான் வெர்லின்.

"இருக்கு."

"ஆழமா இருக்கே. கலரு மறைச்சிருக்கு." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆனா கழுகு பக்கம் சுத்தமா இருக்கு. அறுபத்துமூணு குடுக்கலாம்."

"கழுகைப் பாத்து தரம் போடக் கூடாது. முகத்தைப் பாரு. ரெண்டு."

"மூணு அத்தான். நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன், மூணு."

"விளக்குக்குக் கீழ பிடி, அப்புறம் சொல்லு."

நான் காபிப் பாத்திரத்தைக் கழுவினேன், நாற்காலிகளை மடக்கினேன், அவர்கள் எழுந்திருக்கவில்லை. லவோன் கோட்டுப் போட்டுக்கொண்டு கதவருகே நின்று, "டேய் வெர்லின், அக்கா ஒருத்தி நிக்கறேன்," என்று இரண்டு தடவை சொன்னாள். கடைசியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். வெர்லின் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே பலகை கிடந்தது. அதை எடுத்து என் கார் டிக்கியில் போட்டேன். நவம்பர் விருந்து போய் மார்ச் மாதம் ஆகிறது, இரண்டு பேரும் இன்னும் அதைக் கேட்கவில்லை.